அவசரம் என்று ஒரு சொல்

கொம்பு மான் வேட்டை வாரத்தில் லிக் ஃபோர்க் பள்ளத்தாக்கில் வேறெந்த வேலையும் நடக்காது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் விடுமுறை. கோர்ட்டில் ஆள் இருக்காது. பல்வலி வந்தால்கூடத் தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு அடுத்த திங்கள்வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆண்கள் எல்லாரும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு மலைமேல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சுட்டதெல்லாம் மத்தியானத்துக்குள், கூலிக்குக் கறி வெட்டிக் கொடுக்கும் காஸ்டோ வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கே கொட்டகையில் பதினேழு மான்கள் தலைகீழாகத் தொங்கின. வெளியே பனியும் மழையும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு ஒரு மூலையில் எரிந்தும் சிமென்ட் தரையின் குளிர் பூட்ஸுக்குள் ஏறியது. ட்ரீமா காஸ்டோ ஒரு மானின் முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கி, நீளமான முதுகுக்கறியை முழுசாக உருவி எடுத்துப் பலகைமேல் போட்டாள். அதன்மேல் வெள்ளிக் காகிதம்போல ஒட்டியிருந்த சவ்வைச் சீவினாள். மான் கொழுப்பு கசக்கும். ஒரு துளிகூட விடக்கூடாது. ஐம்பத்துநாலு வயதில் அவள் கைக்கு இருந்த வேகம் அவள் மகன் டிராவிஸுக்கு இன்னும் வரவில்லை. அவன் அரைவை இயந்திரத்தில் பன்றிக்கொழுப்பைச் சேர்த்துக் கறி அரைத்துக்கொண்டிருந்தான்.

மருமகள் கெண்ட்ராவுக்கு உட்கார்ந்து செய்கிற வேலைதான். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, கறியை வெள்ளைத் தாளில் மடித்து, நாடா ஒட்டி, கறுப்புப் பேனாவால் பெயர் எழுதுவாள். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். இரண்டாவது பெண் பிறந்த கையோடு அவளுடைய இதயம் தளர்ந்துபோயிற்று. இருபத்தெட்டு வயதுப் பெண்ணின் இதயம் பாதி பலத்தோடு ஓடுகிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உப்பைத் தொடக்கூடாது, உடம்பில் சேருகிற தண்ணீர் இறங்குவதற்கான மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது, மூன்றாவது குழந்தையைப் பற்றி நினைக்கவே கூடாது. இன்னொரு பிரசவத்தை இந்த இதயம் தாங்காது என்று அந்த இதய டாக்டர் விரலை நீட்டிச் சொன்னது ட்ரீமாவுக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. போன வாரம்தான் தெரிந்தது, கெண்ட்ரா ஏழு வாரம் என்று.

மாநிலத் தலைநகரத்தில் இருக்கும் பெண்கள் கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது கெண்ட்ரா பேனாவை மூடிவைத்துவிட்டுப் பேசினாள். ரெண்டு தரம் "ஆமாங்க" என்றாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள்.

"எப்படிப் பணம் கட்டப்போறீங்கன்னு கேக்கறாங்கம்மா."

"கார்டுன்னு சொல்லு."

"சொன்னேன். கார்டு செல்லாதாம்."

ட்ரீமாவின் இரண்டு கையும் முழங்கைவரை ரத்தம். "என் காதுல வை," என்றாள். கெண்ட்ரா ஸ்டூலிலிருந்து இறங்கிவந்து போனை அவள் காதில் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா செல்லாது? இப்பத்தானே புதுப்பிச்சோம். இதய டாக்டருக்குச் செல்லுது, மாத்திரைக்குச் செல்லுது, சின்னவ காதுவலிக்குக்கூடச் செல்லுது."

"அதுக்கெல்லாம் செல்லும்மா," என்றது அந்தப் பக்கத்துக் குரல். சின்னப் பெண்ணின் குரல். அன்றைக்கு அதையே பலருக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன குரல். "கருவைக் கலைக்கறதுக்கு மட்டும்தான் செல்லாது. கலைக்கறதுக்கு வரிப்பணம் தரக்கூடாதுன்னு தேர்தல்ல முதல் திருத்தம்னு ஓட்டுக்கு விட்டு ஜெயிச்சுதில்லையா, அதுலேருந்து."

"அது வரிப்பணத்தைப் பத்தினதும்மா. அரசாங்கப் பணம். எங்களுது கார்டு."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, அந்தக் கார்டுதான் அரசாங்கப் பணம்."

ட்ரீமா கத்தியைப் பலகைமேல் வைத்தாள். வைத்த கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழைகளின் வைத்தியச் செலவை அரசாங்கம் ஏற்கிற அந்தத் திட்டத்தை அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அரசாங்கம் வைத்த பெயரால் சொல்வதில்லை. கார்டு. "அவங்க கார்டுல இருக்காங்க" என்றால் எல்லாருக்கும் புரியும். பாதிக் குடும்பங்கள் கார்டில்தான் இருந்தன. மூக்குக்கண்ணாடிபோல, ரேஷன்போல, அது வீட்டில் இருக்கிற ஒரு பொருள். தேவாலயத்தில் கொடுத்த நோட்டீஸில் கார்டு என்று ஒரு வார்த்தை இல்லை. 'உங்கள் வரிப்பணம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வரிப்பணம் என்றால் ட்ரீமாவின் மனதில் வந்தது சம்பளத்தில் பிடித்துக்கொண்டு தலைநகரத்துக்குப் போய்விடுகிற பணம்; அங்கே யாரோ முகம் தெரியாத பெண்கள் வாங்கிக்கொள்கிற பணம்.

"எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, கட்டிடறோம்," என்றான் டிராவிஸ், இயந்திரத்தை நிறுத்திவிட்டு, போனுக்குக் கேட்கிற மாதிரி.

கிளினிக்குக்கு ஆகிற செலவென்றால் உதவி நிதியிலிருந்து பாதி கிடைக்கும் என்றாள் அந்தப் பெண். ஆனால் இதயம் இப்படி இருக்கிறவர்களுக்கு அவர்கள் கிளினிக்கில் செய்யமாட்டார்கள். ஆஸ்பத்திரியில், இதய டாக்டர் பக்கத்தில் இருக்க, மயக்கம் கொடுத்துச் செய்யவேண்டும். அவள் ஒரு தொகையைச் சொன்னாள். மூன்று சீசன் மான் வெட்டினாலும் அது வராது. "உங்க ஊர் டாக்டர் இதை மருத்துவ அவசரம்னு எழுதிக் கொடுத்தா கார்டு செல்லும்மா. அது ஒண்ணுதான் வழி. சீக்கிரம் பாருங்க," என்று சொல்லிவிட்டு, "நல்லபடியா இருங்க" என்று வைத்தாள்.

மத்தியானம் சமையலறையில் பீன்ஸும் சோளரொட்டியும் இருந்தது. கெண்ட்ராவுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னச் சட்டியில் உப்பில்லாத பீன்ஸ். ட்ரீமாவின் கணவன் ஓக்கி மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்து கத்திகளைத் தீட்டிக்கொண்டிருந்தான். முப்பது வருடம் சுரங்கத்தில் நிலக்கரித் தூசியைத் தின்ற நுரையீரல். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துவான். அதனால் பேச்சைக் குறைத்துக்கொள்ளவில்லை.

"போன வருஷமே அந்தக் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனைப் பண்ணிக்கோடான்னேன்," என்றான் மகனிடம். "பத்து நிமிஷ வேலை. கார்டு செல்லும். என்ன சொன்னே? மான் சீசன் முடியட்டும்னே."

"வெயிட் தூக்கக்கூடாதுன்னாங்கப்பா. அப்புறம் மானை யார் தூக்கறது?"

"சரி, சீசன் முடிஞ்சுது. அப்புறம்?"

"அப்புறம் வான்கோழி சீசன் வந்துடுச்சு."

"மானை விட்டுட்டு உன்னைத்தான்டா சுட்டிருக்கணும்."

கெண்ட்ரா சிரித்துவிட்டாள். சிரித்தது அவளுக்கே தாங்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். சின்னப் பெண்கள் இருவரும் பக்கத்து அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிராவிஸ் எழுந்துபோய் அந்தக் கதவைச் சாத்தினான்.

"யாரு இதுக்கு ஓட்டுப் போட்டது?" என்றான் திரும்பி வந்து. "இந்த மாவட்டத்துல நம்மளை மாதிரி ஆளுங்கதானே இருக்கோம். யாரு போட்டிருப்பாங்க?"

ஓக்கியின் குழாயில் காற்று சீறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீ எதுக்குப் போட்டே?" என்றான் ஓக்கி.

"நான் ஓட்டே போடலைப்பா. அன்னிக்கு மான் வேட்டைக்கு வில்லோட மரத்துமேல இருந்தேன்."

"பெருமையாச் சொல்றான் பாரு. நான் போட்டேன். சரின்னு போட்டேன்." ஓக்கி கத்தியைக் கீழே வைத்தான். "பாதிரியார் சொன்னார். எனக்கும் சரின்னு பட்டுச்சு. இப்பவும் தப்புன்னு... எனக்குத் தெரியலை."

ட்ரீமா தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் திரைக்குப் பின்னால் நின்று, 'ஆதரவு' என்ற இடத்தில் விரல் வைத்தது இரண்டு வாரத்துக்கு முன்னால்தான். வெளியே வந்து ஆப்பிள் கேக் வாங்கித் தின்றாள்.

"நானும்தான் போட்டேன், கண்ணு," என்றாள் கெண்ட்ராவைப் பார்க்காமல். "எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. கார்டுன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா என் கை போயிருக்குமா?"

கெண்ட்ரா கையை முகத்திலிருந்து எடுத்தாள். கத்துவாள் என்று ட்ரீமா எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"நானும்தான்மா," என்றாள் கெண்ட்ரா.

"என்னது?"

"நானும் ஆதரவுதான். உங்களுக்கு அடுத்த திரையிலதானே நின்னேன். எனக்குன்னு வரும்னு நெனச்சேனா? குழந்தை வேண்டாம்னு ஓடற பொண்ணுங்களுக்குன்னு நெனச்சேன்." உப்பில்லாத பீன்ஸைக் கரண்டியால் கிளறினாள். "அன்னிக்கே எனக்கு ஆறு வாரம் இருந்திருக்கும். வயித்துல வெச்சுக்கிட்டே போட்டிருக்கேன்."

டிராவிஸ் மனைவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அறியாத வீட்டுக்குள் தவறி நுழைந்துவிட்டவன்போல இருந்தது அவன் முகம். வெளியே ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. இன்னொரு மான். அவன் குல்லாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஊர் டாக்டர் ஹார்லெஸைப் பார்க்க அவர்கள் போகவேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் அவருடைய மருத்துவமனையும் மூடியிருந்தது; அவரும் மலையில்தான் இருந்தார். புதன்கிழமை காலையில் அவரே கொட்டகை வாசலில் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். எட்டுக் கிளைக் கொம்பு வைத்த பெரிய மான். அறுபது வயதிலும் பையன்மாதிரி முகம் சிவந்து சிரித்தார். டிராவிஸ் பிறந்தபோது பிரசவம் பார்த்தவர் அவர்தான். ஓக்கியின் நுரையீரலைக் கேட்டுவிட்டு, வாய் விட்டுக் கெட்டவார்த்தை சொன்ன ஒரே டாக்டரும் அவர்தான்.

"இதோட கொம்பைப் பாரு ட்ரீமா. ஒரு கீறல் இல்லை. நூத்தி இருபது கஜத்துல அடிச்சேன்."

"நல்ல மான் டாக்டர்," என்றாள் ட்ரீமா. கையைத் துடைத்துக்கொண்டு பதிவுப் புத்தகத்தை எடுத்தாள். மானின் காலில் கட்டியிருந்த சீட்டில் நோரா ஹார்லெஸ் என்று பெயர் இருந்தது. டாக்டரின் மனைவி. எழுத்து டாக்டருடையது. சுட்டவர் பெயரோடு சீட்டு இல்லாத மானைக் கொட்டகைக்குள் எடுக்கக்கூடாது என்பது சட்டம். ஆளுக்கு ஒரு மான் என்ற கணக்கில் டாக்டருக்கு உரிய மானை அவர் திங்கட்கிழமையே சுட்டுக் கொண்டுவந்துவிட்டார். அதனால் இது நோராவின் மான். ட்ரீமா வழக்கம்போல நோரா ஹார்லெஸ் என்று எழுதினாள்.

எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"டாக்டர், கெண்ட்ராவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க. அவசரம்னு."

சிரிப்பு அடங்கியது. அவர் கையுறையைக் கழற்றினார். இரண்டு எட்டு தள்ளி, ஸ்டூலில் கெண்ட்ரா நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"கிளினிக்ல சொன்னாங்களா?"

"சொன்னாங்க. நீங்க எழுதினா கார்டு செல்லுமாம்."

"ட்ரீமா, நான் சொல்றதைக் கேளு. ஆபத்து இருக்கு. இல்லைன்னு சொல்லலை. அவளுக்கு இது வேண்டாம்னு சொல்றதுல நான்தான் முதல் ஆள். ஆனா அவங்க கேக்கறது ஆபத்து இல்லை, அவசரம். இவ உக்காந்து பொட்டலம் கட்டறா. கால் வீங்கலை. போன வாரம்தானே பாத்தேன், நுரையீரல் சுத்தமா இருக்கு. நான் எழுதி அனுப்பினா மேல இருக்கற வக்கீல் ஒரு வரி கேப்பான்: இன்னிக்கு இதுல அவசரம் எங்கேம்பான். ஓட்டு முடிஞ்ச மறுநாளே எங்களுக்கெல்லாம் கடிதம் வந்துடுச்சு. ஒவ்வொரு சீட்டையும் பாப்பாங்க."

"அப்ப எப்ப அவசரம் ஆகும்?"

"கால் வீங்கணும். படுத்தா மூச்சு முட்டணும். நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டா அப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க. நானே எழுதுவேன், கண்ணை மூடிக்கிட்டு."

"அதுவரைக்கும்?"

"பாத்துக்கிட்டே இருப்போம்."

ட்ரீமா அந்த மானின் காலில் இருந்த சீட்டைத் தொட்டாள். "நோரா துப்பாக்கியைத் தொட்டிருக்காங்களா டாக்டர்?"

அவர் மானின் கொம்பைத் தடவினார்.

"பட்டாசு வெடிச்சாலே கட்டிலுக்கு அடியில போறவங்க. பன்னெண்டு வருஷமா அவங்க பேர்ல மான் சுடறீங்க. பன்னெண்டு வருஷமா நான் இந்தக் கையால எழுதறேன். நோரா சுட்டாங்களான்னு ஒரு தரம் கேட்டிருக்கேனா?"

"அது வேற விஷயம்."

"எப்படி வேற?"

"அது மான், ட்ரீமா."

சொன்ன பிறகு அவருக்கே அது எப்படிக் கேட்டது என்று தெரிந்திருக்கவேண்டும். கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரு விரல் மாறிப்போய் இன்னொரு விரலில் நுழைந்தது. "சனிக்கிழமை காலையில வந்து கறியை எடுத்துக்கறேன். அதுவரை மலையில இருப்பேன், அங்க போன் எடுக்காது," என்றார். வண்டியில் ஏறுமுன் கெண்ட்ராவிடம், "மாத்திரையை மட்டும் விட்டுடாதே பொண்ணு," என்றார்.

"சரி டாக்டர்," என்றாள் அவள்.

மறுநாள் நன்றித் திருநாள். வான்கோழி, முட்டை நூடுல்ஸ், சர்க்கரைவள்ளி. சாப்பிடுமுன் மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்வது வழக்கம். பெரிய பெண் நாய்க்குட்டிக்கு என்றாள். ஓக்கி, இன்னும் ஒரு வருடம் மூச்சு விடுவதற்கு என்றான். கெண்ட்ராவின் முறை வந்தபோது, "உண்மையைச் சொன்ன டாக்டருக்கு," என்றாள். குத்திப் பேசுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டிராவிஸ் மேஜைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு அவள் நன்றாகச் சாப்பிட்டாள். பல நாளைக்குப் பிறகு மருமகள் இரண்டாம்முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில் ட்ரீமாவுக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

வெள்ளிக்கிழமை காலை ட்ரீமா காபி போட வந்தபோது கெண்ட்ரா ஹாலில் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு இங்கே?"

"டிராவிஸ் குறட்டைம்மா."

அவன் குறட்டை இன்றைக்கா நேற்றா? ஆனாலும் ட்ரீமா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அன்றைக்குக் கொட்டகையில் இருபத்திரண்டு மான். பதினோரு மணிக்கு அவள் உலர்த்துகிற பெட்டியிலிருந்து உப்புக்கண்டம் எடுக்கப் பின்னறைக்குப் போனாள். அங்கே, கறித்தட்டுகளுக்கு நடுவில், கவிழ்த்துவைத்த வாளிமேல் கெண்ட்ரா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை உப்புக்கண்டம். ஒன்றை முடிக்காமலே அடுத்ததை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். ருசித்துத் தின்கிறவள் முகமாக அது இல்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. மருந்தை விழுங்குகிற குழந்தைபோலக் கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கினாள்.

ட்ரீமா பையைப் பிடுங்கினாள். "பைத்தியமா உனக்கு? உப்புடி இது! முழுக்க உப்பு!"

"தெரியும்மா."

"தெரியுமா?"

கெண்ட்ரா குனிந்து சாக்ஸைக் கீழே இறக்கினாள். கணுக்கால் எலும்பே தெரியவில்லை. சாக்ஸின் விளிம்பு ஒரு பள்ளமாக வளையம் போட்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள், விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அதைக் கைவேலை செய்து காட்டுகிற மாதிரி மாமியாருக்குக் காட்டினாள்.

"மாத்திரை?" என்றாள் ட்ரீமா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"புதன்கிழமையிலேருந்து போடலை."

"ஐயோ."

"கத்தாதீங்கம்மா, டிராவிஸுக்குக் கேக்கும். இன்னும் ஒரே ஒரு நாள். நாளைக்குக் காலையில அவர் வந்துடுவார். கால் வீங்கணும்னார், வீங்கிடுச்சு. படுத்தா மூச்சு முட்டணும்னார், ராத்திரியிலேருந்து முட்டுது. அவர் சொன்னது எல்லாம் வந்துடுச்சு." இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள், மாமனார்போலவே. "யாரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்கன்னார்."

"செத்துப்போயிடுவேடி."

"ஏழு மாசம் கழிச்சுப் போறதுக்கு இது மேலில்லையா? அப்ப மூணு பிள்ளைங்க இருக்கும், நான் இருக்கமாட்டேன்."

"இப்பவே கிளம்பு. எமர்ஜென்சிக்குப் போவோம். ஒரு மணி நேரத்துல போயிடலாம்."

"போனா என்ன பண்ணுவாங்க? ஒரு ஊசி போடுவாங்க. தண்ணியெல்லாம் இறங்கிடும். நாளைக்கு மத்தியானம் நல்லாயிட்டேன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அங்க இருக்கற டாக்டருக்கு என்னைத் தெரியுமா, என் இதயத்தைத் தெரியுமா? எழுதறவர் இவர் ஒருத்தர்தான்."

ட்ரீமா வீட்டுக்கு ஓடினாள். குளியலறை அலமாரியில் மாத்திரைப் பெட்டி இருந்தது. புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று அறையும் மூடி திறக்காமல் இருந்தன. ஒரு மாத்திரையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். பாதித் தண்ணீர் வழியில் சிந்திவிட்டது.

"வாயைத் திற."

கெண்ட்ரா வாயைத் திறக்கவில்லை, கையை நீட்டினாள். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை மாமியார் உள்ளங்கையில் இருந்தது.

"நீங்க முழுங்கச் சொன்னா முழுங்கறேன்மா. உங்க சொல்லை மீறமாட்டேன். ஆனா இதை முழுங்கினா நாளைக்கு வீக்கம் வத்திடும். டாக்டர் வருவார், பாப்பார், நல்லாத்தானே இருக்கேம்பார். அப்புறம் மறுபடி முதல்லேருந்து உப்பைத் தின்னணும். அதுக்குள்ள வாரம் ஏறிடும்." நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுங்க. முழுங்கட்டுமா?"

கொட்டகையில் எலும்பு அறுக்கும் ரம்பம் ஓடத் தொடங்கியது. யாரோ ஒரு வேட்டைக்காரர் ஏதோ சொல்ல டிராவிஸ் பெரிதாகச் சிரித்தான். ட்ரீமா மருமகளின் உதட்டைப் பார்த்தாள். ஓரத்தில் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. பதினெட்டு வயதில் தாயில்லாமல் இந்த வீட்டுக்கு வந்தவள். வந்த முதல் வருடமே 'அம்மா' என்று கூப்பிட்டவள்.

ட்ரீமா உள்ளங்கையை மூடினாள். மாத்திரை உள்ளே இருந்தது. அந்தக் கையை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மிச்சமிருந்த மானையெல்லாம் அவள்தான் வெட்டினாள். கை தானாக ஓடியது. ஒரு மணிக்கு ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஜலதோஷம்" என்று டிராவிஸிடம் சொன்னாள். முப்பது வருடத்தில் மகனிடமோ கணவனிடமோ இவ்வளவு சுலபமாக ஒரு பொய் சொன்னதில்லை.

சனிக்கிழமை எட்டரை மணிக்கு டாக்டர் வந்தார். தாடியோடு, புகைவாசனையோடு. "முடிஞ்சுதா என் மான்?" என்று கேட்டுக்கொண்டே கொட்டகைக்குள் வந்தவரின் சட்டைக்கையை ட்ரீமா பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவர் ஏதோ கேட்டார். அவள் பிடியை விடவில்லை. பின்னாலேயே டிராவிஸ் ஓடிவந்தான்.

கெண்ட்ரா சாய்வு நாற்காலியில் இருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஓக்கி தன் மூக்குக் குழாயைக் கழற்றி அவள் மூக்கில் மாட்டிவிட்டு, தான் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"கையைக் கொடுங்க," என்றாள் ட்ரீமா. டாக்டரின் கட்டைவிரலைப் பிடித்து மருமகளின் முழங்காலுக்குக் கீழே அழுத்தினாள். குழி விழுந்தது. நிறையவில்லை.

டாக்டர் அந்தக் குழியைப் பார்த்தார். வண்டிக்கு ஓடிப்போய் ஸ்டெதஸ்கோப்பும் மருந்துப் பெட்டியுமாக ஓடிவந்தார். முதுகில் வைத்துக் கேட்டார். முகம் சுண்டிப்போயிற்று. டிராவிஸிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார்.

"எப்பலேருந்து இப்படி?"

"புதன்கிழமைலேருந்து," என்றாள் கெண்ட்ரா. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "நீங்க... சொன்னீங்களே... எப்படி... இருக்கணும்னு."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. புரிந்ததும் தரையில், அவள் காலடியில், அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊசியை எடுத்துப் பிரித்தார்.

"முதல்ல அதை எழுதுங்க," என்றாள் கெண்ட்ரா.

"முதல்ல ஊசி, பொண்ணு."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். தன்னிடம் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி, மார்போடு மடித்து வைத்துக்கொண்டாள். "எழுதுங்க."

டாக்டர் ட்ரீமாவைப் பார்த்தார். நீயாவது சொல் என்பதுபோல. ட்ரீமா சொல்லவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து மருந்துச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, முழங்கால்மேல் வைத்து எழுதினார். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். அதற்குள் மூன்று தரம் பேனா தாளை அழுத்திக் கிழித்தது. சீட்டைப் பிய்த்து ட்ரீமாவிடம் நீட்டினார்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் கெண்ட்ரா, கண்ணை மூடிக்கொண்டு.

"அவசரம்னு போட்டிருக்கு," என்றாள் ட்ரீமா. "மருத்துவ அவசரம். உயிருக்கு."

கெண்ட்ரா கையை நீட்டினாள். ஊசி ஏறியது. மலை வளைவில் ஆம்புலன்ஸின் சத்தம் மெல்லியதாகக் கேட்டது. வாசலில் டிராவிஸ் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றான்.

"அப்பாடா," என்றது ஒரு குரல்.

ஓக்கி சட்டென்று தலையைத் தூக்கினான். டாக்டரும் திரும்பினார். இருவரும் தன்னைப் பார்ப்பதை வைத்துத்தான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று ட்ரீமாவுக்குத் தெரிந்தது.